மூன்று வருட எம்.டி., கூடவே ரெசிடென்சி இடம்: 31 வயதில் விண்ணப்பிக்கலாமா?

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விஸ்கான்சினில் ஒரு மருத்துவமனையில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டாக இருக்கிறேன், பெரும்பாலும் ஐசியூவில் இரவுப் பணி. வென்டிலேட்டர்தான் என் உலகம். ராத்திரி மூன்று மணிக்கு நோயாளியின் ஆக்சிஜன் இறங்கும்போது, பட்டம் முடித்துப் பயிற்சியில் இருக்கும் டாக்டரான ரெசிடென்டைப் போனில் பிடித்து "பீப்பைக் (வென்டிலேட்டர் அழுத்தத்தை) கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாமா" என்று கேட்டு, அவர் சரி என்றதும் ஏற்றுவேன். அந்த "சரி"யை நானே சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. விட்டுப்போயிருந்த கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பாடங்களை மாலை வகுப்பில் முடித்தாயிற்று. ஜனவரியில் எம்கேட் நுழைவுத் தேர்வு, ஜூனில் ஆம்காஸ் (மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பம்) என்று திட்டம்.

வயது 31. கணவருக்கு இங்கேதான் வேலை, மகள் கிண்டர்கார்டன் போகிறாள். பல்மனரி கிரிட்டிக்கல் கேர் (நுரையீரல், தீவிர சிகிச்சை) துறைதான் என் குறி. அப்படியென்றால் மருத்துவப் படிப்பு நாலு, இன்டர்னல் மெடிசின் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம்) ரெசிடென்சி மூன்று, அதற்குமேல் சிறப்புப் பயிற்சியான ஃபெல்லோஷிப் மூன்று, ஆக மொத்தம் பத்து வருடம். அதில் ஒன்று குறைந்தால் கொள்ளாமல் விடுவேனா? போதாக்குறைக்கு, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு படிப்புச் செலவு முழுவதற்கும் கிடைத்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தமாக 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். மீதிக்குத் தனியார் வங்கி வாசலில் நிற்க வேண்டும்.

அதனால்தான் மூன்று வருட எம்.டி. படிப்புகள் கண்ணில் பட்டன. சேரும்போதே அதே நிறுவனத்தின் ரெசிடென்சியில் இடம் உண்டு என்கிறார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது, அதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. அந்த உத்தரவாதம் எவ்வளவு தூரம் நிஜம்? நடுவில் மனசு மாறினால் என்ன ஆகும்? மூன்று வருடத்தில் படித்து வந்தவரை மற்றவர்கள் அரைவேக்காடு என்று பார்ப்பார்களா?

குட்டி_டாக்டர் எழுதியது:

அக்கா, நான் அப்படிப்பட்ட ஒரு பாதையில் படித்துவிட்டு இப்போது பீடியாட்ரிக்ஸ் ரெசிடென்சியில் இரண்டாம் வருடம். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை, மன்னிக்கவும்.

உத்தரவாதம் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் தருகிற தாளில் "நிபந்தனைக்குட்பட்ட இடம்" என்றுதான் இருக்கும். எனக்கு இருந்த நிபந்தனைகள்: ஸ்டெப் 1, ஸ்டெப் 2 என்ற மருத்துவ உரிமத் தேர்வுகள் இரண்டும் குறித்த தேதிக்குள் பாஸ், கிளர்க்‌ஷிப் (வார்டு பயிற்சி) எதிலும் தோற்கக்கூடாது, நடத்தைப் புகார் வரக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரெசிடென்சி இயக்குநரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண்ணே இல்லை, பாஸ் அல்லது ஃபெயில். அதனால் நாலு வருடக்காரர்கள் ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்காக உயிரை விடுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பந்தயம் இல்லை. நிம்மதி என்றால் அதுதான் நிம்மதி.

மேட்ச்சிலிருந்து, அதாவது மாணவர், மருத்துவமனை இரு பக்கமும் தரும் விருப்பப் பட்டியலைப் பொருத்தி ரெசிடென்சி இடம் ஒதுக்கும் தேசிய முறையிலிருந்து, தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் பள்ளியில் நாங்களும் அதை நடத்தும் என்ஆர்எம்பியில் பதிவு செய்து, பட்டியலில் அந்த ஒரே இடத்தைப் போட்டோம். முடிவு வரும் மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை மற்றவர்களோடு சேர்ந்து நானும் உறையைப் பிரித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆச்சரியப்பட்டேன்.

இனி கஷ்டம். ஒரு வருடத்தைக் குறைக்கிறார்கள் என்றால் பாடத்தைக் குறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எம்.டி. பட்டத்துக்குக் குறைந்தது 130 வாரப் பாடம் இருக்க வேண்டும் என்பது மருத்துவப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் எல்சிஎம்இயின் விதி. அதை மூன்று வருடத்தில் அடக்க வேண்டும் என்றால் முதலில் காலியாவது கோடை விடுமுறை. அப்புறம் நாலாம் வருடத்து எலெக்டிவ்கள் (விருப்பப் பாடங்கள்), வேறு ஊர் மருத்துவமனை ரொட்டேஷன், இன்டர்வியூ மாதங்கள். முதல் வருடம் முடிந்த கையோடு என் வகுப்புத் தோழர்கள் ஆராய்ச்சி, பயணம் என்று கிளம்பினார்கள். நான் பீடியாட்ரிக்ஸ் கிளினிக்கில் காது பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைவேக்காடு கேள்விக்கு வருகிறேன். இன்டர்னாக (முதல் வருட ரெசிடென்டாக) முதல் ராத்திரி, நர்ஸ் வந்து ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், டைலனால் எழுதித் தரச் சொன்னார். கிலோவுக்கு 15 மில்லிகிராம். எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. இருந்தும் ஆர்டரைத் திறந்து எடையைப் பார்த்து, மூடி, மறுபடி திறந்து, அது கிலோவா பவுண்டா என்று சரிபார்த்து, சீனியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். பக்கத்து நாற்காலியில் நாலு வருடம் படித்து வந்த சக இன்டர்ன், அவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். அக்டோபர் வந்தபோது எங்களில் யார் மூன்று, யார் நாலு என்று யாருக்கும் நினைவில்லை. எனக்கு ஒரு சாதகமும் இருந்தது: அந்த வார்டின் கணினி, நர்ஸ்கள், ராத்திரி லேப் ஆள் எல்லாருமே மாணவியாக இருந்தபோதே பழக்கம்.

மனசு மாறினால்? எங்கள் குழுவில் ஒருத்தி சர்ஜரி கிளர்க்‌ஷிப்பில் அனஸ்தீசியா மேல் காதலாகி, நாலு வருடப் பாதைக்கு மாறிப் பொது மேட்ச்சில் போனாள். பள்ளி தடுக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கென்று கொடுத்திருந்த உதவித்தொகையின் கதி என்ன என்று பேசி முடிக்கப் பல வாரம் ஆயிற்று. அதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைக்கோட்டு_அப்பா எழுதியது:

நல்ல திரி. என் மகன் பதினோராம் வகுப்பு. அவனுக்கும் இந்த மாதிரி சேர்ந்தவுடன் எல்லாம் உறுதியாகும் படிப்பைத்தான் தேடுகிறோம். பிரவுன், மிசோரி கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதே வகைதானே? நாங்கள் இன்னும் எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான) விசாவில்.

பழைய_ஸ்டெத் எழுதியது:

அப்பா அவர்களுக்கு முதலில். நீங்கள் சொல்வது பள்ளி முடித்ததும் சேரும் இளநிலை-எம்.டி. கூட்டுப் படிப்பு. பிரவுனில் எட்டு வருடம், கான்சஸ் சிட்டியில் ஆறு வருடம். அங்கே உறுதியாவது மருத்துவப் பள்ளி இடம், ரெசிடென்சி இல்லை. ரெசிடென்சிக்கு உங்கள் மகன் எல்லாரையும் போல மேட்ச்சில்தான் நிற்க வேண்டும். விசாவைப் பொறுத்தவரை, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுக்காத மருத்துவப் பள்ளிகள் நிறைய. கட்டுரை எழுத உட்காரும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி கேள்வி கேட்டவருக்கு. நான் இன்டர்னல் மெடிசின் மருத்துவர். ரெசிடென்சித் தேர்வுக் குழுவில் பல வருடம் உட்கார்ந்தவன். எல்லாரும் "உத்தரவாதம் உண்மையா" என்றே கேட்கிறார்கள். எந்த நாற்காலிக்கு உத்தரவாதம் என்று கேட்பதுதான் முக்கியம்.

ஆர்த்தோபீடிக்ஸ், நியூரோசர்ஜரி போன்றவற்றில் மேட்ச் ஆவதே பெரும்பாடு. அங்கே முன்கூட்டியே ஓர் இடம் கிடைத்தால் அது தங்கம். இன்டர்னல் மெடிசின் அப்படியல்ல. ஒழுங்காகப் படித்த எம்.டி. மாணவருக்கு எங்காவது இடம் கிடைத்துவிடும். எங்கே என்பதில்தான் விஷயம். உங்களுக்கு அதற்கப்புறம் பல்மனரி கிரிட்டிக்கல் கேர் ஃபெல்லோஷிப் வேண்டும். அதற்குத் தனி மேட்ச் இருக்கிறது, மூன்றாம் வருட ரெசிடென்சி தொடங்கும்போதே விண்ணப்பம் போக வேண்டும். அதற்குள் பரிந்துரைக் கடிதம் எழுத ஆள் வேண்டும், ஆராய்ச்சி என்று காட்ட ஏதாவது வேண்டும். சொந்தமாகவே அந்த ஃபெல்லோஷிப்பை நடத்துகிற பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்தால் இதெல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். சின்னச் சமூக மருத்துவமனையில் முடியாது என்று சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் நீங்களே அலைய வேண்டும்.

இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவை முதன்மைப் பராமரிப்பு மருத்துவர்களை (நோயாளி முதலில் போகும் குடும்ப, பொது மருத்துவர்களை) உருவாக்கவே தொடங்கப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். டெக்சஸ் டெக் மருத்துவப் பள்ளியில் இருப்பது குடும்ப மருத்துவத்துக்கு மட்டும், அதுவும் முதல் வருடம் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பது. யூசி டேவிஸ், கைசர் மருத்துவமனைக் குழுமத்தோடு சேர்ந்து 2014-ல் தொடங்கியதும் முதன்மைப் பராமரிப்புக்குத்தான். அங்கே போய் "எனக்கு ஐசியூதான் உயிர்" என்று எழுதினால் குழு அந்த விண்ணப்பத்தை மூடி வைத்துவிடும், அது நியாயமும்கூட. ஐசியூ ஆசையை மறைத்துக் கட்டுரை எழுதுவது அதைவிட மோசம். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே வெளியே வந்துவிடும். என்ஒய்யூ கிராஸ்மன் மருத்துவப் பள்ளி 2013-லிருந்து மூன்று வருடப் பாதை நடத்துகிறது, பல சிறப்புத் துறைகளுக்கும் உண்டு, 2018-லிருந்து கல்விக் கட்டணமும் இல்லை. அதனாலேயே அங்கே போட்டி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று. மெடிக்கல் காலேஜ் ஆஃப் விஸ்கான்சின் 2015-ல் கிரீன் பேயிலும், அடுத்த வருடம் வாசாவிலும் கிளைகளைத் தொடங்கியதே மூன்று வருடத்தில் எம்.டி. முடிக்கலாம் என்றுதான். அங்கே வருடம் மிச்சம், ஆனால் ரெசிடென்சி இடம் அதோடு கட்டியதல்ல, பொது மேட்ச்தான். மூன்று வருடம் என்பது வேறு, இணைந்த ரெசிடென்சி என்பது வேறு. நிறைய பேர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் கணக்குக்கு முதலாவது மட்டுமே போதுமாக இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் படித்தேன். நாற்காலிக் கணக்கு புரிகிறது. ஆனால் என் பக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. இணைந்த ரெசிடென்சி என்றால் ஆறு வருடம் ஒரே ஊர். பொது மேட்ச் என்றால் மகள் நாலாம் வகுப்பு முடிக்கும்போது எந்த மாநிலத்துக்குப் பெட்டி கட்டுவோம் என்று தெரியாது, கணவர் வேலையும் அதோடு போகும். அதைப் பார்த்தால், கொஞ்சம் சுமாரான நாற்காலி என்றாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அப்படி நினைப்பது தப்பா?

பழைய_ஸ்டெத் எழுதியது:

தப்பே இல்லை. குடும்பத்தை ஒரே ஊரில் வைத்திருப்பதற்கு விலை உண்டு, அதைத் தெரிந்தே கொடுக்கிறீர்கள். அந்த ரெசிடென்சியில் முடித்தவர்கள் கடைசி ஐந்து வருடத்தில் எங்கெங்கே ஃபெல்லோஷிப் போனார்கள் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான ரெசிடென்சிகள் அதைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கும். பட்டியலில் பல்மனரி கிரிட்டிக்கல் கேர் வருடா வருடம் வந்தால் அது சுமாரான நாற்காலியே அல்ல. ஒருவர்கூட இல்லையென்றால் அந்த ரெசிடென்சியின் இயக்குநருக்கே மின்னஞ்சல் போட்டு ஏன் என்று கேளுங்கள்.

கட்டுரையில் ஏன் மூன்று வருடம் என்பதற்கு வயதையும் கடனையும் காரணமாக எழுதாதீர்கள். எல்லாரும் எழுதுவது அது. ராத்திரி மூன்று மணிக்கு பீப்பை ஏற்றலாமா என்று கேட்டதை எழுதுங்கள். உடல்நிலை சரியில்லாதவர் பக்கத்தில் பல வருடம் நின்றவருக்கு ஒரு வருடம் குறைந்தால் தாங்கும் என்று குழு தானாகவே புரிந்துகொள்ளும்.

குட்டி_டாக்டர் எழுதியது:

அக்கா, இன்னொன்று. குழந்தை இருக்கிற மூன்று வருட மாணவர் யாராவது இப்போது படிக்கிறாரா என்று அட்மிஷன் அலுவலகத்தில் கேட்டு, அவரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள். விடுமுறை இல்லாத அந்தக் கோடையில், பள்ளியும் மூடியிருக்கும்போது, குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். எம்கேட்டுக்கு முந்தின வாரம் இரவுப் பணி போட்டுக்கொள்ளாதீர்கள், இப்போதே மேனேஜரிடம் சொல்லி வையுங்கள்.