ஒரு மாவில் நட்ட ஒற்றை நாற்று

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து:

எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். சம்பா அறுத்ததும் நெல் களத்திலிருந்தே கடன்காரர் வீட்டுக்குப் போய்விடும். அம்மாவின் தோடு ஆண்டுதோறும் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பும். அப்படி இருந்தபோதுதான் ஊரில் உழவர் வயல்வெளிப் பள்ளி நடத்தினார்கள். 25 பேர் சேர்ந்தார்கள், அப்பாவும் ஒருவர். வரப்பில் நின்றபடியே பாடம்.

இளநாற்றை ஒற்றை ஒற்றையாக இடைவெளி விட்டு நடும் செம்மை நெல் சாகுபடிக்கு ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்று பயிற்சி தந்த அம்மையார் சொன்னதும், 30 கிலோ விட்டுப் பழகிய அப்பா பாதியிலேயே வீடு வந்துவிட்டார். மறுவாரம் அந்த அம்மையாரே எங்கள் திண்ணைக்கு வந்து, "ஐயா, ஒரு மா மட்டும் கொடுங்கள். மீதியை உங்கள் வழக்கப்படியே நடுங்கள்" என்றார். ஒரு போகம் பொய்த்தால் நாங்கள் எழுந்திருக்க இரண்டு வருடம் ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மரியாதைக்காகவே அப்பா சம்மதித்தார்.

14 நாள் நாற்று. 22.5 செ.மீ. இடைவெளியில் ஒற்றை ஒற்றையாக நட்டதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர், "நடவா இது, கோலத்துக்குப் புள்ளியா?" என்று கேட்டார். அப்பா பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு களையெடுக்கும் கருவியான கோனோவீடரை உருட்டினோம். மண்ணில் மயிரிழை வெடிப்பு விட்ட பிறகே தண்ணீர் கட்டினோம். நீர் நிற்காததால் வேருக்குக் காற்றுக் கிடைத்தது. ஒருநாள் அப்பா குனிந்து ஒரே குத்தில் கிளைத்த 42 தூர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஏழு மூட்டை கண்ட அந்த மாவில் அந்த ஆண்டு பத்து மூட்டை.

அடுத்த சம்பாவில் ஆறு மாவும் ஒற்றை நாற்றுதான். மூன்றாம் ஆண்டு தோடு அம்மா காதிலேயே இருந்தது.

கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து:

தம்பி, படித்து மகிழ்ந்தேன். நான் நடவுக்குப் போகும் வீட்டுப் பெண், எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. எங்கள் ஊரிலும் இதே பயிற்சி வந்தது. கோனோவீடரை ஆண்கள் உருட்டத் தொடங்கியதும் என் அம்மாவின் களையெடுப்புக் கூலி நின்றுபோனது. அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு எங்கள் மகளிர் குழு அலைந்து கேட்டுப் பாய் நாற்றங்கால் பயிற்சி பெற்றது. ஓர் ஏக்கர் நடவுக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். இரவல் இடத்தில், பாலித்தீன் விரித்து, மண்ணும் தொழுவுரமும் பரப்பி விதை விடுகிறோம். சென்ற சம்பாவில் 40 ஏக்கருக்கு நாற்று கொடுத்தோம். போன கூலி முழுவதும் ஈடாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐப்பசி மாதத்தில் கடன் கேட்டு யார் வாசலிலும் நிற்கவில்லை.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து:

அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். எங்கள் வயலில் களையெடுத்தவர்களை நினைத்துக்கொண்டிருப்பார். இந்தச் சம்பாவுக்கு இரண்டு ஏக்கர் நாற்றையும் உங்கள் குழுவிடமே வாங்கலாம் என்கிறார். எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்?