ஜெசிகா வராத வாரங்கள்

வருடக்கணக்கில் ஓடிய துப்பறியும் தொடர்களில், திரைக்குப் பின்னால் நடந்த மாற்றம் ஒன்று உங்களை வந்து தொட்டதுண்டா? என் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன்.

அம்மாவும் நானும் 'மர்டர், ஷி ரோட்' தொடரை முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்த்து வந்தோம். 1984 முதல் 1996 வரை ஓடியது, 12 சீசன், 264 எபிசோட். மர்மக் கதை எழுதும் ஜெசிகா ஃப்ளெட்சர் என்றால் அம்மாவுக்கு உயிர். ஆறாவது சீசனில் ஒரு நாள், ஜெசிகா தொடக்கத்தில் தோன்றி கதையை அறிமுகப்படுத்திவிட்டுப் போனார். நடுவில் துப்பறிந்தது வேறொருவர். ஜெசிகா முடிவில்தான் மறுபடி வந்தார். அம்மா முகம் வாடிவிட்டது. "அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றார். எழுதுகிறவர்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னேன்.

பிறகு தேடிப் படித்தபோது அம்மாதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். ஜெசிகாவாக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் அவரே நிற்க வேண்டிய தொடர். வருடத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோட். உடல் தாங்கவில்லை. அவர் ஒரேயடியாகப் போய்விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான் அந்த வாரங்கள். 1991இல் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் ஃபிஷர் விலகினார். கதையில் ஜெசிகாவுக்கு நியூயார்க்கில் ஒரு வீடு வந்தது. அடுத்த வருடம் லான்ஸ்பரியே நிர்வாகத் தயாரிப்பாளர் ஆனார்.

அந்தப் பொறுப்பை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதுதான் என்னை உலுக்கியது. மேட்லின் ரூ என்ற நடிகைக்கு நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோய். சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். அமெரிக்காவில் நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமானால் வருடத்துக்கு இவ்வளவு என்று சம்பாதித்தாக வேண்டும். அவருக்கு வேலை இல்லை, காப்பீடு கைவிட்டுப் போகும் நிலை. இது லான்ஸ்பரியின் காதுக்கு எட்டியதும், கதையில் ஜெசிகாவின் ஊரான கபட் கோவுக்கு ஒரு நூலகர் பிறந்தார். அதே சக்கர நாற்காலியில், அதே மேட்லின் ரூ. நாம் 'சும்மா வந்து போகும் பாத்திரம்' என்று நினைத்துத் தாண்டிவிடும் முகம் அது.

1995இல் தொடரை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழனுக்குத் தூக்கி, 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் ஓடும் நேரத்துக்கு எதிரே போட்டார்கள். வழக்கமாகப் பார்த்தவர்கள் சிதறிப்போனார்கள். அதோடு முடிந்தது.

*

உங்கள் அம்மா கேட்ட கேள்வியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். எனக்கு 'மிட்சமர் மர்டர்ஸ்', இங்கிலாந்துக் கிராமங்களில் நடக்கும் துப்பறியும் தொடர். 1997இலிருந்து ஓடுகிறது. கதையில் காஸ்டன் என்று வரும் ஊர் நிஜத்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள வாலிங்ஃபோர்ட். ஒரு முறை அங்கே போயிருந்தபோது படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு கார் தெரு முனையில் திரும்பி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதையே ஆறேழு தடவை எடுத்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் குளிரில் நின்று கடைசி வரை பார்த்தேன்.

ஜான் நெட்டில்ஸ் 2011இல் விலகியபோது, அவர் நடித்த துப்பறியும் அதிகாரி டாம் பார்னபியின் ஒன்றுவிட்ட சகோதரர் ஜான் பார்னபி என்று நீல் டட்ஜனைக் கொண்டுவந்தார்கள். அதே நீல் டட்ஜன் 2000இல் இதே தொடரில் தோட்டக்காரராக வந்தவர்! பெயர் மட்டும் ஏன் மாறவில்லை என்று யோசித்தேன். ஜெர்மனியில் தொடரின் பெயரே 'இன்ஸ்பெக்டர் பார்னபி'. பார்னபி இல்லாமல் எப்படி ஓட்டுவது?

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அதே 2011 மார்ச்சில் தொடரின் தயாரிப்பாளர் ஒரு பேட்டியில், வெள்ளையர் அல்லாதவர்கள் இல்லாததுதான் இந்தத் தொடரின் தனித்தன்மை என்கிற பொருளில் பேசினார். அதுவரை நான் அந்த ஊர்களை என் ஊர்கள் போலவே நேசித்தேன். படித்த அன்று டிவியைப் போடவில்லை. பல மாதம் தொடவே இல்லை. அந்தத் தயாரிப்பாளர் பொறுப்பிலிருந்து போனார். 2016இல் இந்திய வம்சாவளி நடிகை மஞ்சிந்தர் விர்க், பிணப் பரிசோதனை செய்யும் டாக்டர் கரிமோராக வந்தார். முதல் காட்சியில் அவர் குனிந்து சடலத்தைப் பார்த்துவிட்டு சாதாரணமாக நேரத்தைச் சொல்கிறார், யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் அழுதுவிட்டேன்.

*

ஸ்காட்லாந்தின் 'டாகர்ட்' என்ற போலீஸ் தொடரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? டாகர்ட்டாக நடித்த மார்க் மக்மேனஸ் 1994இல் இறந்துபோனார். தொடர் 2010 வரை அதே பெயரில் ஓடியது. டாகர்ட் இல்லாத 'டாகர்ட்'. எனக்கு ஒவ்வொரு முறை தலைப்பு வரும்போதும் அது அவருக்கு வைத்த அஞ்சலி போலத்தான் இருக்கும்.

*

என் பங்குக்கு, அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறிவாளர் ஹெர்குல் பொய்ரோவின் தொடர். பொய்ரோவாக டேவிட் சூஷே, 1989 முதல் 2013 வரை, 70 எபிசோட். நடுவில் தயாரிப்புக் குழு மாறியதும் பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ், போலீஸ் அதிகாரி ஜாப், செயலாளர் மிஸ் லெமன் மூவரும் காணாமல் போனார்கள். பொய்ரோவின் வீடே வெறிச்சோடிய மாதிரி எனக்கு இருந்தது. கடைசி வருடத்தில்தான் திரும்பி வந்தார்கள்.

பொய்ரோ இறக்கும் கடைசிக் கதையை ஒரு வாரம் தள்ளிப்போட்டுத்தான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடைசி சீசனில் அதைத்தான் முதலில் படமெடுத்திருக்கிறார்கள். மரணத்தோடு விடைபெற சூஷேவுக்கு மனம் வரவில்லை, அவரே அப்படிக் கேட்டிருக்கிறார். அவர் கடைசியாக நடித்தது வேறொரு கதை, அகதா கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில். அன்று பொய்ரோ உயிரோடு இருந்தார். அந்தக் கதையை இப்போது போட்டால், புல்வெளியில் அவர் நடக்கும் இடங்களை மட்டும் கவனித்துப் பார்க்கிறேன்.

*

நீங்கள் எல்லோரும் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் மறுபடி ஆறாவது சீசனில் இருக்கிறோம். நேற்று ஜெசிகா அறிமுகம் சொல்லிவிட்டுப் போன எபிசோட் வந்தது. தாண்டிவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் போடு. அவ போய் கொஞ்சம் படுத்துட்டு வரட்டும்" என்றார்.