வெறும் முகப்பா, விவரம் நிறைந்த முகப்பா?

கேள்வி:
தொடக்கத்தில் கைக்கடிகார முகப்பில் நாள், கிழமை, பிறை என எத்தனை விவரம் இருந்தாலும் எனக்குப் போதாது. பதினைந்து ஆண்டுகள் கைக்கடிகாரம் சேர்த்தபின் இப்போது வெள்ளை முகப்பும் இரண்டு முள்ளும் போதும் என்று தோன்றுகிறது. உங்கள் ரசனையும் இப்படி மாறியதா?

மறுமொழி 1:
எனக்கு மாறவில்லை. விமானிகள் எரிபொருளையும் தொலைவையும் கணக்கிடுவதற்காக விளிம்பில் வட்டமான ஸ்லைடு ரூல் (சுழற்றிக் கணக்கிடும் அளவுகோல்) பொருத்திய பிரைட்லிங் நாவிடைமர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் அதில் கணக்கிட்டது ஸ்கூட்டரின் மைலேஜை மட்டுமே என்பது வேறு விஷயம்.

மறுமொழி 2:
எளிமைதான் கடினம். நேதன் ஜார்ஜ் ஹார்விட் 1947-இல் வடிவமைத்த முகப்பில் பன்னிரண்டின் இடத்தில் ஒரு பொட்டு மட்டுமே உண்டு. பின்னாளில் மொவாடோ கடிகார நிறுவனத்தின் அடையாளமாகவே அது ஆனது. மறைக்க எதுவும் இல்லாத இத்தகைய முகப்பில் முள் சற்றே நீண்டாலும் கண்ணை உறுத்தும். ஆனால் மணி 4.20-ஆ, 4.23-ஆ என்று அதைக் கேட்காதீர்கள்.

மறுமொழி 3:
அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவுக்குத் தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன். தேதி காட்டாது, அதற்குச் சுவரில் நாட்காட்டி இருக்கிறது.