வட்டப் பாதையில் 22 கார்கள்: நெரிசல் ஏன் தோன்றவில்லை?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வணக்கம். காலை வேளையில் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் விபத்தோ ரோபோட்டோ (போக்குவரத்து விளக்கோ) இல்லாத இடத்திலும் வண்டிகள் நின்று நின்று நகர்வது ஏன் என்று அறிய, ஒவ்வோர் ஓட்டுநரையும் தனித்தனியே கணக்கிடும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். டிரைபர், ஹென்னெக்கே, ஹெல்பிங் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஐ.டி.எம். மாதிரியே (முன்னால் போகும் காரைப் பார்த்து ஓட்டுநர் எப்படி வேகத்தை மாற்றுகிறார் என்று கணக்கிடும் சூத்திரம்) அதன் அடிப்படை. உண்மையான கார்களை வட்டப் பாதையில் ஓட்டவைத்து சுகியாமா குழுவினர் நடத்தி, 2008இல் வெளியான சோதனையைப் பின்பற்றி, 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சம இடைவெளியில் விட்டேன். விரும்பும் வேகம் மணிக்கு 30 கி.மீ., குறைந்தபட்ச இடைவெளி 2 மீட்டர், முன்னால் போகும் காருடன் வைக்கும் கால இடைவெளி 1.5 வினாடி, முடுக்கம் 2 மீ/வி², வேகத்தணிப்பு 1.5 மீ/வி². அவர்களுக்குத் தானாகவே நெரிசல் உண்டாயிற்று. என் கார்களோ மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் தேர் ஊர்வலம்போலச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

மறுமொழி 1

தம்பி, எல்லாரும் ஒரே இடைவெளியில், ஒரே வேகத்தில், ஒரே சூத்திரப்படி ஓட்டினால் யாருக்கும் பிரேக் மிதிக்கக் காரணமே இராது. மனிதரிடம் உள்ள சிறு தடுமாற்றம் சூத்திரத்தில் இல்லை. ஆள் ஏற்ற நம்மூர் டாக்சி திடீரென வேகம் குறைப்பதுபோல, ஒரு காரை மட்டும் 2 வினாடி மெதுவாக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

செய்தேன், அண்ணா. அலை எழுந்தது, ஆனால் பின்னால் வந்தவர்களிடம் படிப்படியாகத் தேய்ந்து மறைந்துவிட்டது.

மறுமொழி 2

அந்த 18 கி.மீ. என்னும் எண்ணே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. 230ஐ 22ஆல் வகுத்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 10.45 மீட்டர் கிடைக்கும். அதில் கார் நீளம் 4.5 மீட்டரைக் கழித்தால் மிஞ்சுவது 6 மீட்டருக்கும் குறைவு. உங்கள் அளவுகளின்படி அந்த இடைவெளியில் வேகம் மணிக்கு 9 கி.மீ. அளவில்தான் இருக்க வேண்டும். எனவே கார் நீளத்தைக் கழிக்காமல், முன்முனையிலிருந்து முன்முனை வரை அளந்திருக்கிறீர்கள். அதைத் திருத்தினாலும் முடுக்கம் 2 என்பது மிகச் சுறுசுறுப்பான ஓட்டுநருக்குரியது. அவர் இடைவெளியை உடனே சரிசெய்துவிடுவதால் அலை வளராது. முடுக்கத்தை 0.6ஆகவும் கால இடைவெளியை 1 வினாடியாகவும் குறையுங்கள். மந்தமாகக் கிளம்பி நெருக்கமாகத் தொடர்பவரே அலையைப் பெருக்குகிறார்.

கேள்வி கேட்டவர்

கார் நீளத்தைக் கழிக்கும் வரி விடுபட்டுத்தான் இருந்தது, ஐயா. அதைச் சேர்த்து, நீங்கள் சொன்ன அளவுகளையும் மாற்றினேன். இப்போது கார்கள் முன்னே செல்ல, நெரிசல் பின்னோக்கி நகர்கிறது.