மெர்ச்சண்டைசர்னா என்ன வேலைங்க? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

குடமுருட்டி:
அக்கா பையனுக்கு கும்பகோணத்துல ஒரு சூப்பர் மார்க்கெட்ல மெர்ச்சண்டைசர்னு வேலைக்கு லெட்டர் வந்துருக்கு. எங்க மச்சானும் திருப்பூர்ல அதே பேர்ல தான் பத்து வருஷமா இருக்காரு, ஆனா கடைப் பக்கமே போனதில்ல, நாள் பூரா போனும் மெயிலும் தான். இதுல பையன் வேற, சினிமா படம் போட்ட டீசர்ட்டும் மெர்ச்சண்டைஸ் தான் மாமாங்குறான். மூணும் ஒண்ணா?

தலையாட்டி:
பேரு தான் ஒண்ணு சார். கடையில அது சரக்கை எங்க வச்சா கை தானா போகும்னு பாத்து அடுக்குற வேலை. தஞ்சாவூர்ல நாலு வருஷம் பாத்தேன். கண்ணு மட்டத்துல இருக்குற தட்டு தான் காசு, அந்த எடத்துக்கு கம்பெனிக்காரன் தனியா பணம் கட்டுறதும் உண்டு. மிட்டாய் புள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல, பில் போடுற எடத்துல. சீனி, பருப்பெல்லாம் கடைசி கோடியில, அப்பத்தான் போற வழியில நாலு சாமான் கண்ணுல படும். பொங்கல் நெருங்குனா வெல்லம், பச்சரிசி, நெய், முந்திரி எல்லாத்தையும் ஒரே மேசையில குவிப்போம், வெல்லம் எடுக்க வந்த அம்மா பக்கத்துல கெடக்குற ஏலக்காய் பாக்கெட்டையும் கூடையில போட்டுக்கிட்டு போவாங்க. பழைய தேதி முன்னாடி, புது தேதி பின்னாடி, இதுல தப்புனா மானேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கணும். நாள் பூரா நிக்கணும், கால் வீங்கும், பையன்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க.

பின்னலாடை:
திருப்பூர்ல துணிக்கு ஆர்டர் குடுக்குற பையருக்கும் (buyer) அதைத் தைக்கிற ஃபேக்டரிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவன் பேர் தான் மெர்ச்சண்டைசர். சாம்பிள் அனுப்பி, அப்ரூவல் வாங்கி, நூல்லேர்ந்து பட்டன் வரைக்கும் வெரட்டி தேதிக்குள்ள ஷிப்மென்ட் ஏத்தணும். மச்சான் போனை கீழ வைக்காததுக்கு இதான் காரணம் 😄

மன்னார்குடி மைனர்:
சினிமாவுல படத்தோட பேரையும் உருவத்தையும் பொருள்ல போட்டுக்க உரிமை குடுத்து ராயல்டி, அதாவது விக்கிறதுல ஒரு பங்கு, வாங்குறது. 1977ல ஸ்டார் வார்ஸ் படம் வந்தப்ப அதோட டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் அந்த உரிமையை தன் கையில வச்சுக்கிட்டாரு, பின்னாடி கொட்டுச்சு பாருங்க காசு! பொம்மை செய்யுற கென்னர் கம்பெனியால கிறிஸ்துமஸுக்குள்ள செஞ்சு முடிக்க முடியல, அதனால பொம்மையே இல்லாம வெறும் அட்டை உறையை வித்தாங்க, உள்ள ஒரு கூப்பன், அதை அனுப்புனா அடுத்த வருஷம் பொம்மை வீடு தேடி வரும், சனங்க அதையும் வாங்குனாங்க. நம்மூர் தியேட்டர் வாசல்ல ஸ்டிக்கர் விக்கிறவரு யார்கிட்டயும் உரிமை கேக்குறதில்ல, அந்தக் காசு அவருக்கே தான். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல.

குடமுருட்டி:
லெட்டரை மறுபடி படிச்சேன், ஷெல்ஃப் அடுக்குறது, ஸ்டாக் பாக்குறதுன்னு தான் இருக்கு. பயலுக்கு நல்ல செருப்பு ஒண்ணு வாங்கணும்.