தாத்தா வீட்டுப் பிள்ளைகள் (குடும்பக் குழு)

பிரகாஷ்: யாரிடமாவது கிராங்க் புல்லர் இருக்கிறதா? ஞாயிறு காலை பாலிக் பூலாவ் போகிறோம். இடது பக்கம் மிதித்தால் டொக் டொக் என்று சத்தம். கடையில் திங்கட்கிழமைதான் பார்ப்பார்களாம்.

கவிதா அக்கா: அது என்னடா, கேக் செய்கிற சாமானா?

பிரகாஷ்: சைக்கிளுக்கு லா அக்கா. பெடல் மாட்டியிருக்கிற கைதான் கிராங்க், அதைக் கழற்றுகிற கருவி.

சுப்ரா மாமா: முதலில் எது ஆடுகிறது என்று பார். இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழு. இரண்டும் சேர்ந்து ஆடினால் நடு பேரிங் போச்சு. இடது மட்டும் ஆடினால் கிராங்க் லூஸ்.

பிரகாஷ்: இடது மட்டும்

சுப்ரா மாமா: எத்தனை நாளாக?

பிரகாஷ்: போன வாரம் தெலுக் பகாங் போனதிலிருந்து

சுப்ரா மாமா: ஒரு வாரமாக அப்படியே மிதிக்கிறாயா! உள்ளே இருக்கிற சதுர அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். லூஸாக மிதித்தால் இரும்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். சதுர ஓட்டையின் மூலை மழுங்கிவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. கழற்றி டார்ச் அடித்துப் பார். மூலை கூராக இருந்தால் துடைத்து மாட்டி 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு. மழுங்கியிருந்தால் புது இடது கிராங்க்தான். பின்பக்கம் நீளம் 170 (மில்லிமீட்டர்) என்று பொறித்திருக்கும், அதே அளவு வாங்கு.

பிரகாஷ்: 40 என்றால் கையில் எவ்வளவு மாமா?

சுப்ரா மாமா: 20 சென்டிமீட்டர் ஸ்பானர் நுனியில் 10 கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தொங்கவிட்ட மாதிரி.

கவிதா அக்கா: அப்பா, அரிசி என்றதும் ஞாபகம் வருகிறது. ஞாயிறு எத்தனை பேருக்குச் சமையல்?

குமுதா அத்தை: ஞாயிறு என்ன நாள் என்று சிலருக்கு ஞாபகமே இல்லை போலிருக்கிறது

பிரகாஷ்: அத்தை, தாத்தா திதி தெரியும். 5.30க்குக் கிளம்பி 9க்குள் வந்துவிடுவேன்.

குமுதா அத்தை: போன வருடம் ரவியும் இப்படித்தான் சொன்னான். ஐயர் போன பிறகு வந்தான்.

ரவி சித்தப்பா: அது பெரி படகு லேட் அக்கா

குமுதா அத்தை: ம்

சுப்ரா மாமா: புல்லர் தாத்தாவின் சிவப்புப் பெட்டியில் இருந்தது.

குமுதா அத்தை: பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்

ரவி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரவி சித்தப்பா: அத்தான், அப்பாவின் ராலே பழைய வண்டி. கிராங்கைப் பிடிப்பது காட்டர் பின் என்கிற ஆப்பு. சுத்தியல் போதும், புல்லரே தேவையில்லை. பிறகு பெட்டியில் எப்படி இருக்கும்?

சுப்ரா மாமா: நான் வைத்தது. என்னுடையது.

கவிதா அக்கா: ஆஹா

பிரகாஷ்: சித்தப்பா கொஞ்சம் பாருங்களேன்

சுப்ரா மாமா: பெடலையும் கழற்றுவாய் என்றால், இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். விமானம் விட்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1900லேயே அவர்கள் வண்டியில் இது உண்டு.

கவிதா அக்கா: 24 பேர் என்று வைத்துக்கொள்ளவா?

சுப்ரா மாமா: அப்புறம் துன் சார்டோன் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதே. ஏற்றம் தொடங்கும் முன்பே முன்னால் 28 பல், பின்னால் 32 பல் சக்கரத்தில் செயினைப் போட்டுவிடு. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுகூட வராது, ஆனால் முட்டிக்கால் பிழைக்கும். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கத்தும்.

பிரகாஷ்: சரி மாமா

கவிதா அக்கா: பாலிக் பூலாவ் வரை போகிறாய், டுரியான் வாங்கிக்கொண்டு வா

குமுதா அத்தை: திதி வீட்டுக்கு டுரியானா?

கவிதா அக்கா: தாத்தாவுக்குப் பிடிக்குமே. படையலில் வைக்கலாம்.

குமுதா அத்தை: ஐயரைக் கேட்கிறேன்

ரவி சித்தப்பா: பெட்டியைத் திறந்தேன். புல்லர் இருக்கிறது. துரு.

ரவி சித்தப்பா: அடியில் அத்தானின் 15 மில்லிமீட்டர் ஸ்பானரும் இருக்கிறது. அதையும் கேட்பார் என்று நினைக்கிறேன்.

சுப்ரா மாமா: துருவுக்கு மண்ணெண்ணெய் போதும். இரண்டையும் கொடுத்தனுப்பு மச்சான்.

பிரகாஷ்: நாளைக்கு நானே பட்டர்வொர்த் வந்து எடுத்துக்கொள்கிறேன் சித்தப்பா

ரவி சித்தப்பா: எதில் வருவாய்? சைக்கிள்தான் ஆடுகிறதே

குமுதா அத்தை: வாழை இலை யார் வாங்குவது? காலையிலிருந்து கேட்கிறேன்