பாலி தீவில் 28 வருச வில்லா: தென்னை விளையை விற்றுப் பணம் போடலாமா?

ராஜாக்கமங்கலம் தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 14 வருசம் மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு, போன மாசி மாசம் மொத்தமா ஊருக்கு வந்துட்டேன். வயசு 43. சேமிப்பு 40 லட்சம் கிட்ட இருக்கு. கணபதிபுரம் பக்கம் அம்மை பேர்ல 32 சென்ட் தென்னை விளை கிடக்கு. அதுக்கு ஒரு ஆள் நல்ல விலை கேக்காரு.

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில்ல ஒரு ஹோட்டல் ஹால்ல கூட்டம் வச்சாங்க. இந்தோனேசியாவுல பாலி தீவுல, உலுவாட்டு பக்கம், ரெண்டு படுக்கையறையும் தனி நீச்சல்குளமும் உள்ள வில்லா. 95 லட்சம். 28 வருசம் நம்ம பேர்ல இருக்குமாம். அவங்களே சுற்றுலாக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டு, வருசம் 12 சதவீதம் நம்ம கையில தருவாங்களாம். மாசக் கடைசிக்குள்ள 2 லட்சம் அட்வான்ஸ் கட்டினா 5 லட்சம் தள்ளுபடி.

வீட்டுக்காரிக்கு மனசில்ல. அம்மை ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் தனியா விளைக்குப் போய், இருட்டுற வரைக்கும் நின்னுட்டு வந்தா. எனக்கு அதுதான் உறுத்துது. இது நிஜமாவே நம்ம சொத்தா ஆகுமா? அங்க வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

தேங்காய்ப்பட்டணத்துக்காரன்:

தம்பி, நான் மாலத்தீவுல 7 வருசம், அதுக்கப்புறம் பாலியில 2014ல இருந்து 2019 வரை ஹோட்டல் பராமரிப்புல வேலை பாத்தவன். பம்பு, ஜெனரேட்டர், நீச்சல்குளம், தண்ணி எல்லாம் என் பொறுப்பு. கடைசி ரெண்டு வருசம் சாங்கு பக்கம் பதினோரு வில்லாவ எங்க ஆளுங்கதான் பாத்துக்கிட்டோம். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. அவங்க உங்களுக்கு விக்கது வீடு இல்ல, பாட்டம், அதாவது குத்தகை. வாழை வைக்க நாம விளையப் பாட்டத்துக்கு எடுப்போம்லா, அதேதான். நீங்க மஸ்கட்ல இருந்த ஆளு, ஹக்குன்னா உரிமை, மில்க்குன்னா சொந்தம்னு தெரிஞ்சிருக்கும். அந்த அரபிச் சொல்லுதான் அங்க நிலச் சட்டத்துலயும் இருக்கு. ஹக் மிலிக்னா முழுச் சொந்தம். 1960ல போட்ட நிலச் சட்டப்படி அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு வாறது ஹக் சேவா. சேவான்னா அந்த மொழியில வாடகை. 28 வருசம் முடிஞ்சா நிலம் சொந்தக்காரருக்குத் திரும்பிப் போகும். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா கட்டின வில்லாவும் அதோட போகும். நீட்டிச்சுத் தருவோம்னு சொல்லுவாங்க. என்ன விலைக்குன்னு இப்பவே எழுதித் தருவாங்களான்னு கேளுங்க. "அன்றைய சந்தை விலை"ன்னு எழுதினா அது உங்களுக்குப் பிடி இல்ல.

இன்னொரு வழி இருக்கு, அந்த ஊர்க்காரர் பேர்ல முழுச் சொந்தமா வாங்கித் தாறோம்னு யாராவது சொன்னா உடனே எந்திரிச்சு வந்துருங்க. அது பினாமி. அதே 1960 சட்டத்துல அது செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 95 லட்சத்த 28ஆல வகுத்தா வருசம் 3 லட்சத்து 39 ஆயிரம். ஆள் தங்கினாலும் தங்காட்டாலும் அவ்வளவு கரைஞ்சுக்கிட்டே இருக்கும். 12 சதவீதம்னா 11 லட்சத்து 40 ஆயிரம். அதுல அந்த 3.39 உங்க முதலே உங்களுக்குத் திரும்பி வாறது. மீதி 8 லட்சம்தான் லாபம், அதுவும் சொன்னபடி வந்தா. அந்த உறுதிய யார் தாறாங்க, எந்த நாட்டுக் கம்பெனி, எத்தனை வருசத்துக்கு? முதல் ரெண்டு வருசத்துக்கு மட்டும்னா, விலையிலயே அதக் கூட்டி வச்சிருப்பாங்க. உங்க பணத்தத்தான் உங்களுக்குத் தருவாங்க.

வாடகைன்னு வாறது முழுசா கைக்கு வராது. உள்ளூர் தங்குமிட வரி 10 சதவீதம், புக்கிங் தளத்துக்குக் கமிஷன், நடத்துற கம்பெனிக்கு அதுக்கு மேல. அப்புறம் நீச்சல்குளத்துக்காரர், தோட்டக்காரர், துணி வெளுப்பு, கரண்ட். நீங்க ஏசி மெக்கானிக், உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், ஆனா பாலியில நான் கண்ணால பாத்தத சொல்லுதேன். கடல்ல இருந்து 300 மீட்டர்ல ஒரு வில்லா. கட்டி ரெண்டே வருசம். ஏசி வெளி யூனிட்டோட அலுமினியத் தகடுகள விரலால தொட்டேன், சாம்பல் மாதிரி உதிர்ந்து கையில ஒட்டுச்சு. படத்துல அழகா தெரியற அலங் அலங் புல்லுக்கூரையும் அப்படித்தான், அஞ்சாறு வருசத்துல பிரிச்சு மாத்தணும். அந்தச் செலவு யார் தலையிலன்னு ஒப்பந்தத்துல தேடிப் படிங்க.

உலுவாட்டு இருக்கது சுண்ணாம்புக்கல் மேடு. தண்ணிக்குப் பாடு. லாரித் தண்ணி வாங்கித்தான் பல இடத்துல ஓடுது. கிணத்துக்கு அனுமதி இருக்கா, தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேட்டீங்களா?

தண்ணின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. சாங்குல நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால வயல். அங்க பாசனத்துக்கு சுபாக்னு ஒரு முறை, 2012ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. ஒரு வயசான விவசாயி தினமும் விடிய வருவாரு. வாய்க்கால் குறுக்க ஒரு மரக்கட்டை கிடக்கும், அதுல அளவு பாத்து வெட்டின காடிகள். யார் வயலுக்கு எவ்வளவோ அந்தக் காடி வழியா அவ்வளவுதான் போகும். அடைச்சிருக்கிற சருக மட்டும் கையால வழிச்சு விட்டுட்டுப் போவாரு. நம்ம அனந்தனார் சானல் மடைய நினைச்சுக்கிடுவேன். நான் கிளம்புறதுக்குள்ள மேல் பக்கம் நாலு வில்லா வந்துட்டுது, வாய்க்கால் மேல சுவரு. அவரு வாறத நிறுத்திட்டாரு. அதுல ஒரு வில்லாவுக்கு நான்தான் பம்பு மாட்டினேன். இன்னைக்கும் அது எனக்கு மனசுக்குக் கஷ்டம்.

அதனால மண்டலம் பாக்கணும். பச்சை மண்டலம்னா விவசாயம், கட்டக்கூடாது. கட்டிட அனுமதிக்கு முன்னால ஐஎம்பின்னு பேரு, 2021ல இருந்து பிபிஜி. கட்டி முடிச்சா, கட்டிடம் பயன்படுத்தத் தகுதியா இருக்குன்னு எஸ்எல்எஃப் சான்று தனியா வேணும். வாடகைக்கு விடுற உரிமம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. வெளிநாட்டுக்காரர் தானே தொழில் நடத்தணும்னா பிடி பிஎம்ஏன்னு வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி வேணும், அதுக்குத் திட்ட மதிப்பு 1000 கோடி ரூபியாவுக்கு மேல, நம்ம பணத்துல அஞ்சு கோடிக்கு மேல. இதெல்லாம் பேப்பர் விசயம்னு நினைக்காதீங்க. உலுவாட்டு பக்கத்துலயே பிங்கின் கடற்கரையில 48 கட்டிடத்த 2025 ஜூலையில அரசாங்கம் இடிக்க ஆரம்பிச்சுது. பல வருசமா நடந்துக்கிட்டிருந்த தங்குமிடங்கள், சாப்பாட்டுக் கடைகள்.

கடைசியா, 2017 நவம்பர். எனக்கு 28ஆம் தேதி ஊருக்கு டிக்கெட். ஆகுங் எரிமலை சாம்பல் கக்கி 27ஆம் தேதி விமான நிலையத்த மூடிட்டாங்க, 29 மத்தியானம்தான் திறந்தாங்க. ஒரு வழியா நான் திருவனந்தபுரம் வந்து இறங்கறதுக்குள்ள இங்க ஒக்கி புயல் அடிச்சு முடிச்சிருந்தது. வழி நெடுக ரப்பர் சாஞ்சு கிடக்கு, கரண்ட் இல்ல, கடலுக்குப் போன ஆளுகளத் தேடி சர்ச்சு முன்னால கூட்டம். அந்தப் பக்கம் பாலியில அடுத்த மாசம் பூரா எங்க வில்லாக்கள் காலி. 2020ல இருந்து ஒன்றரை வருசம் வெளிநாட்டுக்காரங்களே வரல. பாட்டக் காலம் மட்டும் நிக்காம ஓடிக்கிட்டுதான் இருந்துது.

வடசேரி கணக்காளர்:

நான் நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணன் மேலே சொன்னதோடு இதையும் பாருங்க.

நீங்க நிரந்தரமா திரும்பி வந்ததால், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கை அப்படியே வச்சிருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி மாத்துங்க. வெளிநாட்டில் சம்பாதிச்ச பணத்தை, திரும்பி வந்தவங்க வெளிநாட்டுப் பணமாவே வச்சிருக்கிற ஆர்எஃப்சி கணக்குக்கு மாத்தினால் அதை வெளிநாட்டில் முதலீடு செய்யத் தடையில்லை. சாதாரண ரூபாய்க் கணக்கில் இருந்து அனுப்பினால் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைதான். 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கிற வரி, பிடிக்கும். உங்க 40 லட்சம் சேமிப்பு போக மீதி 55 லட்சம் அப்படி அனுப்பினால் 9 லட்சம் அங்கே முடங்கும். வருமான வரிக் கணக்கு காட்டித் திரும்ப வாங்கலாம், ஆனா அதுவரை உங்க கையில் இருக்காது.

விளை அம்மா பேரில் இருக்கு. விற்றால் பணமும் அவங்களுடையது. இதை மறக்காதீங்க தம்பி.

வரிச் சட்டப்படி நீங்க முழு உள்நாட்டவர் ஆன பிறகு, வெளிநாட்டுச் சொத்தை ஒவ்வொரு வருசமும் வருமான வரிப் படிவத்தில் அதுக்கான எஃப்ஏ அட்டவணையில் காட்டணும். விட்டுப்போனால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரலாம்.

மார்த்தாண்டம் பையன்:

எல்லாமே ஏமாத்துன்னு நினைக்க வேண்டாம் அண்ணே. என்கூட வேலை பாக்கிற ஒருத்தன் அங்க 25 வருசப் பாட்டத்துல சின்ன வில்லா எடுத்து மூணு வருசமா நடத்துறான். நல்லாத்தான் போகுது. ஆனா அவன் கடன் வாங்கல, இருந்த நிலத்த விக்கல. வருசத்துக்கு ரெண்டு மாசம் அங்க போய் இருந்து அவனே பாக்கான். பணம் கொடுக்கிறதுக்கு முன்னால அங்க ஒரு வக்கீல வச்சு நிலச் சான்றிதழ சரிபாத்தான். நீங்க நாகர்கோவில் ஹால்ல இருந்து படத்தப் பாத்து முடிவு பண்றீங்க, அதுதான் வித்தியாசம்.

ராஜாக்கமங்கலம் தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாட்டம்னு தேங்காய்ப்பட்டணம் அண்ணன் சொன்ன ஒரு சொல்லுலயே எனக்கு விளங்கிட்டுது. இவ்வளவு நாளும் "நம்ம பேர்ல"ன்னு அவங்க சொன்னதத்தான் நானும் வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தேன்.

இன்னைக்குக் காலையில அவங்களுக்குப் போன் போட்டேன். நிலச் சான்றிதழ் நகல், பிபிஜி, நீட்டிக்கிற விலை, 12 சதவீதம் எத்தனை வருசம்னு நாலும் கேட்டேன். நாலாவதுக்கு மட்டும் பதில் வந்துது: ரெண்டு வருசம். மத்ததெல்லாம் அட்வான்ஸ் கட்டின பிறகு அனுப்புவோம்னாங்க. நான் கட்டல.

விளைய வாங்கக் கேட்ட ஆளுக்கும் இல்லைன்னு சொல்லியாச்சு. அம்மைகிட்ட சொன்னேன். "கிழக்கு மூலையில ரெண்டு தென்னை பட்டுப் போச்சு, புது தென்னங்கன்னு வைக்கணும்"னு சொன்னா. நாளைக்குக் குழி எடுக்க ஆள் வருது.

அண்ணே, உங்க நம்பர் தனிச்செய்தியில அனுப்ப முடியுமா? ஏசி சர்வீஸ் கடை ஒண்ணு போடலாம்னு யோசனை இருக்கு. முட்டம், சங்குத்துறை பக்கம் ரிசார்ட்டுகள்ல பராமரிப்பு ஒப்பந்தம் எப்படிப் பேசணும்னு உங்ககிட்ட கேக்கணும்.